கடை மாறிய மாத்திரை

டார்ச் அக்கா என்ற பெயரை வைத்தவர்கள் முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கவைக்கிற ஹேச்சரியில் அவளோடு வேலை பார்த்த பெண்கள். முட்டை பார்க்கிற அறையில் பகலிலும் இருட்டுதான். சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. நடுவில் ஒரு மேசை, அதற்கு அடியில் வரிசையாக விளக்குகள். முட்டைத் தட்டை மேலே வைத்தால் ஒவ்வொரு முட்டையும் உள்ளேயிருந்து எரிகிற மாதிரி தெரியும். கரு பிடித்ததில் சிவப்பாக நரம்பு ஓடும். பிடிக்காதது வெறும் வெளிச்சமாக நிற்கும். கெட்டது கறுத்துக் கலங்கிக் கிடக்கும். இவற்றைப் பிரித்து எடுப்பதுதான் அக்காவின் வேலை. கெட்ட முட்டை ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், அது அடைகாக்கிற மெஷின் சூட்டில் வெடித்துச் சுற்றியிருக்கிற நல்ல முட்டைகளையும் கெடுத்துவிடும். அந்த நாற்றம் துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது.

வருஷக்கணக்கில் இதே வேலை பார்த்ததில், எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் அக்கா நம்புவதில்லை. நோட்டைப் பிடித்துப் பார்ப்பாள். பால் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்பாள். தம்பிக்குக் கல்யாணம் பேசப் போன வீட்டில் கொடுத்த டீயைக்கூடக் கண்ணாடி டம்ளரோடு சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தவள். தம்பி பெண்டாட்டி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

"அப்படி என்னதான் தெரிஞ்சுது அண்ணி அந்த டீயில?"

"தண்ணி ஜாஸ்தின்னு தெரிஞ்சுது."

"அப்புறமும் ஏன் என்னையே பேசி முடிச்சீங்க?"

"டீ போட்டது உங்கம்மான்னு சொன்னாங்க."

வீட்டில் மூன்றே பேர். தம்பி சுவருக்கு வண்ணம் அடிக்கிற பெயிண்டர். அவன் பெண்டாட்டி வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறவள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபிறகு தம்பியைப் படிக்கவைக்கப் பார்த்து, அவனுக்கு அது ஏறவில்லை என்று தெரிந்ததும் பிரஷ்ஷைப் பிடிக்கவைத்து ஆளாக்கினாள். ஹேச்சரியில் கீறல் விட்ட முட்டைகளை வேலையாட்களுக்குச் சும்மா கொடுப்பார்கள் என்பதால் அந்த வீட்டில் காலையிலும் முட்டை, மத்தியானமும் முட்டை. "இன்னும் கொஞ்ச நாள்ல நான் கொக்கரிக்கப் போறேன்" என்பான் பெயிண்டர். "அப்படியாவது விடியக்காலைல எந்திரிக்கிறியான்னு பாப்போம்" என்பாள் அக்கா.

அவளுக்குத் தூக்கம் போனது ஷிப்டால். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் ராத்திரி என்று மாற்றி மாற்றி உடம்பை இழுத்ததில், எது ராத்திரி எது பகல் என்று உடம்புக்கே மறந்துபோய்விட்டது. ஹேச்சரியில் பாவம் பார்த்து நிரந்தரமாகக் காலை ஷிப்ட் கொடுத்தபிறகும் போன தூக்கம் திரும்பி வரவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள். யார் எது சொன்னாலும் எரிந்து விழுவாள். கடைசியில் மார்க்கெட் முனையில் இருந்த டாக்டரிடம் போனார்கள். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது.

வந்ததே தவிர, அதற்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. தூக்க மாத்திரை என்பதால் ஒரு சீட்டு ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். மாதம் பிறந்தால் புதுச் சீட்டு, புதுச் சீட்டுக்குப் புது ஃபீஸ். அக்கா நேரில் போக வேண்டுமென்றால் அரை நாள் கூலி போகும். டாக்டர் அதற்கும் வழி சொன்னார். வீட்டு ஆள் யாராவது வந்தால் போதுமாம். "ஆள் வராட்டியும் பரவாயில்ல, ஃபீஸ் வந்தாப் போதும்னு சொல்றாரு" என்றாள் அக்கா. அதிலிருந்து தம்பி பெண்டாட்டிதான் போய்வந்துகொண்டிருந்தாள். டாக்டர் அறைக்கும் பக்கத்து மெடிக்கல் கடைக்கும் நடுவில் ஒரே சுவர், அதில் ஒரு கதவு. இந்தப் பக்கம் சீட்டு எழுதினால் அந்தப் பக்கம் மாத்திரை. மூன்று வருஷம் இப்படித்தான் ஓடியது.

ஒரு கோடைக்காலத்தில் மாத்திரையின் நிறம் மாறியது.

அன்றைக்கு அனல் காற்றில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. தகரக் கூரைக்குக் கீழே வியர்த்து வடிய, தையல்காரி ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஹேச்சரியிலிருந்து வந்து, முகம் கழுவி, மாத்திரைக் கவரைப் பிரித்தாள். அட்டையைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ன?"

"மாத்திரை அண்ணி."

"அது எனக்கும் தெரியுது. போன மாசம் நீலமா, நீட்டமா இருந்துச்சு. இது வெள்ளையா உருண்டையா இருக்கு."

"கம்பெனி மாறிடுச்சாம். உள்ள இருக்கிற மருந்து அதேதானாம். மெடிக்கல்காரர் சொன்னார்."

"வெலை?"

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். "ஏறியிருக்கு."

"மாத்திரை சின்னதாயிடுச்சு, வெலை பெருசாயிடுச்சு. யார் காதுல பூ சுத்துறே?"

"நான் ஏன் அண்ணி சுத்துறேன்? அவர் சொன்னதைச் சொல்றேன்."

"அவர் சொன்னதைச் சொல்றியோ, வேற எங்கயாவது மட்டமா ஒண்ணை வாங்கிட்டு மீதியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டியோ, யாருக்குத் தெரியும்?"

சொன்னவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொள்ளப் போய்விட்டாள். பால்காரனைச் சொல்வதும் காய்காரியைச் சொல்வதும் மாதிரிதான் அவளுக்கு இதுவும். தையல்காரிக்குத்தான் அது உறுத்தியது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு பொத்தானைக்கூட யாரிடமிருந்தும் கூடுதலாக எடுத்துக்கொண்டதில்லை. தைத்து மிஞ்சுகிற துணியை முடிச்சுக் கட்டித் திருப்பிக் கொடுக்கிறவள் என்று தெருவில் பெயர் எடுத்தவள். சாயங்காலம் பெயிண்டர் வந்ததும் சொன்னாள். அவன் கைநகத்தில் ஒட்டியிருந்த பச்சை பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே, "அக்கா என்னையும்தான் சந்தேகப்படும். நான் அடிச்ச சுவத்தையே விரலால தடவிப் பாக்கும். விடு" என்றான்.

அவளால் விட முடியவில்லை. மறுநாளே மெடிக்கல் கடைக்குப் போனாள்.

"அண்ணே, போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? வீட்டுல என்னைத் திருடின்னு நெனைக்கிறாங்க."

மெடிக்கல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டார். "வெலையை நானாம்மா அடிக்கிறேன்? அட்டையிலயே அச்சாகி வருது பாருங்க."

"அச்சடிச்ச வெலைக்குத்தான் விக்கணுமா? கொறைச்சு வித்தா யாராவது அடிப்பாங்களா?"

"கொறைச்சா எனக்குக் கட்டாதும்மா. இது என்ன தலைவலி மாத்திரையா, டப்பாவுல கொட்டி வைக்க? பூட்டி வைக்கணும். வித்த ஒவ்வொண்ணையும் எழுதி வைக்கணும். ஆபீசர் வந்தா காட்டணும். இந்தத் தலைவலியே வேண்டாம்னு மத்த கடைக்காரங்க வைக்கிறதில்ல. நான் ஏதோ உங்களை மாதிரி ஆளுங்களுக்காக வச்சிருக்கேன். வேணும்னா வெளியில விசாரிச்சுப் பாருங்க."

அவள் விசாரித்துத்தான் பார்த்தாள். முதல் கடையில் சீட்டைப் பார்த்ததும் கையை ஆட்டினார்கள். இன்னொரு கடையில் ஒருவன் அவளை மேலும் கீழும் பார்த்து, "யாருக்கு? எதுக்கு? கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டான். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விஷம் வாங்க வந்தவளைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. வெயிலில் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

வழி சொன்னவள் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ். சீருடையை இடுப்பில் பிடித்துத் தைக்க வந்திருந்தாள். தையல்காரி மனசு பொறுக்காமல் மாத்திரை அட்டையைக் காட்டினாள். நர்ஸ் அதை வாங்கித் திருப்பினாள்.

"மேல பெருசா இருக்கே, அது கம்பெனி வச்ச பேரு. கீழ பொடி எழுத்துல இருக்கு பாரு, அதுதான் மருந்து. யார் வேணும்னாலும் செய்யலாம். ஆனா செய்றது ரெண்டு மூணு கம்பெனிதான். கடைக்காரனுக்கு எவன் ஜாஸ்தி லாபம் விட்டுக் குடுக்கிறானோ அவன் சரக்குதான் கடையில நிக்கும்."

"அப்ப டாக்டர் ஏன் அந்தக் கம்பெனி பேரையே எழுதறார்?"

"நான் எதுவும் சொல்லல தாயே. எனக்கு இடுப்பைப் பிடிச்சுக் குடு, அது போதும்." கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்க ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்க மருந்துக் கடை இருக்கு. அங்க இதே மருந்து கெடைக்கும். டாக்டரை மருந்துப் பேர்ல எழுதச் சொல்லு, கம்பெனிப் பேர்ல வேண்டாம்."

அடுத்த மாதம் டாக்டரிடம் அதைக் கேட்டபோது அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சார். கட்டுப்படியாகல, அதான்."

"வேற எதையாவது வாங்கிட்டு, தூக்கம் வரல, தலை சுத்துதுன்னு எங்கிட்ட வரக்கூடாது." மருந்தின் பெயரைக் கிறுக்கி எழுதித் தள்ளினார். ஃபீஸ் மட்டும் அதே ஃபீஸ்தான்.

சங்கக் கடை இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். நீண்ட வரிசை. கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் அட்டையை எடுத்துப் போட்டு விலையைச் சொன்னபோது, அவள் தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்துத் திருப்பிக் கேட்டாள். மார்க்கெட் கடையில் கொடுக்கிறதில் கால் பங்கு. எழுத்துக் கூட்டிப் படித்து, பொடி எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். வழியெல்லாம் பையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணி முகம் எப்படி மாறப்போகிறது என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

அண்ணி முகம் மாறத்தான் செய்தது.

"கால் வெலையா? கால் வெலைக்கு ஒருத்தன் விக்கிறான்னா அதுல முக்காவாசி மாவுதான்."

"இல்ல அண்ணி, இந்த எழுத்தைப் பாருங்க."

"எழுத்தா தூக்கத்தைக் குடுக்குது? ஹேச்சரியிலகூட மேல இருக்கிற ஓடு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். உள்ள பாத்தாத்தான் தெரியும்."

அன்று போட்டுக்கொண்ட மாத்திரையில் தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாவுதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அதற்கடுத்த நாள், மாவுதானே என்று இரண்டைச் சேர்த்து விழுங்கிவிட்டாள்.

விடிந்து அவளை எழுப்பவே பாடாகிவிட்டது. முகம் கழுவியும் பாதி கண்ணோடுதான் வேலைக்குப் போனாள். இருட்டறையில் விளக்கு மேசை முன்னால் நின்றதும் முட்டைகள் எல்லாம் ஒரே வெளிச்சமாகத் தெரிந்ததாம். தட்டு தட்டாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்து மெஷினுக்குள் முட்டைகள் பட்டாசு மாதிரி வெடித்தன. நாற்றத்தில் அந்த அறைக்குள் ஆள் நுழைய முடியவில்லை. ஒரு மெஷின் முட்டையை மொத்தமாகக் குழிவெட்டிக் கொட்டினார்கள். சூப்பர்வைசர் அக்காவை மேசையிலிருந்து எடுத்து, தட்டுக் கழுவுகிற இடத்தில் போட்டார். "வயசாயிடுச்சு, கண்ணு போயிடுச்சுன்னா சொல்லிடுங்க. கணக்கை முடிச்சுக்கலாம்" என்றாராம்.

நாள் முழுக்கக் கொதிதண்ணீரிலும் மருந்துத் தண்ணீரிலும் தட்டுக் கழுவிவிட்டு, கை வெந்துபோய் வருவாள் அக்கா. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவள், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் சங்கக் கடையால எனக்கு இந்தக் கதி."

"ரெண்டு போட்டது நீதானேக்கா" என்றான் பெயிண்டர்.

"ஒண்ணு ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா நான் ஏன்டா ரெண்டு போடுறேன்?"

"அப்ப மாவுன்னு சொன்னியே. மாவு தின்னா யாராவது மறுநாள் எழுந்திரிக்க மாட்டாங்களா?"

அக்கா பணத்தை எடுத்துத் தையல்காரி முன்னால் வைத்தாள். மார்க்கெட் கடை விலை. "பழைய கடையிலயே வாங்கு. இனிமே எனக்கு யாரும் லாபம் பாத்துக் குடுக்க வேண்டாம்."

மறுநாள் டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு தையல்காரி பஸ் ஏறினாள். எந்தப் பஸ் என்று ஏறும்வரைக்கும் அவளுக்கே தெரியவில்லை. சங்கக் கடை வரிசையில் போய் நின்றாள். இந்தத் தடவை அங்கே வேறு நிறத்தில் மாத்திரை வந்திருந்தது. வீட்டுக்கு வந்து, பழைய மெடிக்கல் கடைக் கவர் ஒன்றைத் தேடி எடுத்து, விலையும் சங்க முத்திரையும் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு அட்டையை அதற்குள் போட்டாள். அக்கா வந்தாள். கவரைப் பார்த்தாள். அட்டையைச் சன்னலில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மஞ்சளா இருக்கு."

"கம்பெனி மறுபடியும் மாறிடுச்சாம்."

"வெலை?"

"அதே வெலைதான்."

"ம்" என்று தலையை ஆட்டினாள் அக்கா. ஒரே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குத் தூங்கினாள். அடுத்த நாளும் தூங்கினாள். ஒரு வாரத்தில் கண்ணில் சிவப்பு வடிந்தது. தட்டுக் கழுவுகிற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து, மேசையில் புதிதாக வந்த பெண் தள்ளிவிட்ட கெட்ட முட்டைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி காட்டிக் கொடுத்திருக்கிறாள். சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே அவளை மறுபடி மேசைக்கு அனுப்பினார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "மெடிக்கல்காரன் வெலை ஜாஸ்தி வாங்கினாலும் சரக்கு சுத்தம்" என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். தையல்காரியிடமும் சொன்னாள்: "இப்பதான் ஒழுங்கா வாங்கிட்டு வர்றே."

ஒழுங்காக வாங்கி வந்த காலத்தில் திருடி என்ற பேச்சைக் கேட்டவளுக்கு, இப்போது இந்தப் பாராட்டு. கேட்கும்போதெல்லாம் தையல்காரி துணியைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். மிச்சப் பணத்தை மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். சமயம் பார்த்து உண்மையைச் சொல்லி, மொத்தமாகக் கையில் கொடுத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் சொன்னால் தூக்கம் போய்விடுமே, தூக்கம் போனால் வேலை போய்விடுமே என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு மழைக்காலம் வந்தது. மழையில் யார் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள்? பெயிண்டர் வாசலில் உட்கார்ந்து, ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரிசிக்கும் பருப்புக்கும் என்று இழுப்பறையில் கை வைத்தாள். ஒரு தடவை வைத்த கை அப்புறம் நிற்கவில்லை. மழை விடுவதற்குள் இழுப்பறை காலியாகிவிட்டது.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அக்கா மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, மெடிக்கல்காரர் எதிரில் வந்தார்.

"என்னம்மா, தூக்கமெல்லாம் நல்லா வருதா? நம்ம கடைப் பக்கமே காணோமே இத்தனை மாசமா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "உங்க கடையிலதானே வாங்குறோம்."

"எங்க கடையிலயா? ஒரு அட்டைகூட வாங்கலையே. நான்தான் எழுதி வைக்கிறேனே, எனக்குத் தெரியாதா?" அவர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். "பாத்துக்குங்கம்மா. வெளியில என்னென்னத்தையோ மாத்திரைன்னு விக்கிறாங்க. என்னத்தைத் தின்னுட்டு இருக்கீங்களோ, உங்களுக்கே தெரியாது."

கீரையைக் கடைக்காரி கையிலேயே விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தாள். வந்து முன்னறை வாசலில் நின்றவளைப் பார்த்ததுமே தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"நான் என்ன தின்னுட்டு இருக்கேன்?"

"அண்ணி..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. தெனமும் என் வாயில என்ன போடுறே?"

"அதே மாத்திரைதான் அண்ணி. சங்கக் கடையில வாங்கினது. சத்தியமா அதே மாத்திரை."

"அப்ப கவரு?"

"கவர் பழசு. நான்தான் மாத்தி வச்சேன்."

அக்கா நின்றபடியே சுவரில் சாய்ந்தாள். "வெலை அதேதான்னு சொன்னியே. எம்மூஞ்சியைப் பாத்துச் சொன்னியே. மாசாமாசம் சொன்னியே."

"உண்மையைச் சொன்னா நீங்க மாவுன்னு சொல்லிடுவீங்க. மறுபடி ரெண்டு மூணுன்னு முழுங்குவீங்க. அன்னைக்கு எழுந்திரிக்காம கெடந்தீங்களே, நான் பயந்து செத்துட்டேன் அண்ணி. வேலை போயிடக் கூடாதுன்னுதான்."

"எம்மேல அவ்வளவு அக்கறை. சரி. மீதிப் பணம்?"

தையல்காரி மெஷின் இழுப்பறையைப் பார்த்தாள்.

"மீதிப் பணம் எங்கடி?"

"செலவாயிடுச்சு. மழையில அவருக்கு வேலை இல்ல. அரிசிக்கு எடுத்தேன். நீங்களும் சேந்துதான் சாப்பிட்டீங்க."

பின்கட்டில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த பெயிண்டர் சத்தம் கேட்டு வந்தான். பெண்டாட்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் தெரிந்ததும் பெண்டாட்டியிடம், "எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றான். அப்புறம் அக்காவிடம் திரும்பினான்.

"அக்கா, தூக்கம் வந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"வந்துச்சுடா. அதுதான்டா எரியுது!" அக்காவின் குரல் உடைந்தது. "நல்லாத் தூங்கினேன். நம்பித் தூங்கினேன். என்னை எவ்வளவு பெரிய கேனச்சியாக்கி வச்சிருந்தா, அப்படித் தூங்கியிருப்பேன்?"

அதன்பிறகு அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடத் தனித்தனியாகக் கேட்டது. அக்கா தன் டீயைத் தானே போட்டுக்கொண்டாள். தையல்காரி போட்டு வைத்த சோற்றை, அவள் கண்ணெதிரிலேயே தம்பி தட்டோடு மாற்றி எடுத்துக்கொண்டாள். மாத்திரை அட்டை தொடாமல் கிடந்தது. கண் மறுபடியும் சிவந்தது. தையல்காரி எதையும் எதிர்த்துப் பேசவில்லை. தைக்க வந்தவர்களிடம் மட்டும் தேவைக்கு மேல் பேசினாள், சிரித்தாள். அவர்கள் போனதும் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள்.

ஒரு லீவு நாளன்று அக்கா டாக்டரிடம் தானே போய்ச் சீட்டு வாங்கி வந்து வாசலில் நின்றாள். "அந்தச் சங்கக் கடையைக் காட்டு. என் கண்ணால பாக்கணும்."

இரண்டு பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. கம்பிக்குப் பின்னாலிருந்த பையன் தையல்காரியை அடையாளம் கண்டுகொண்டான்.

"அந்தத் தூக்க மாத்திரைதானே? இல்லக்கா. சரக்கு வரல."

"எப்ப வரும்?"

"தெரியலக்கா. செய்றதே ரெண்டு கம்பெனிதான். அதுல ஒருத்தன் நிறுத்திட்டான். இன்னொருத்தன் எங்களுக்குக் குடுக்கிற வெலையைவிட வெளிக் கடைக்குக் குடுத்தா அவனுக்கு லாபம். எங்களுக்குக் கடைசியாத்தான் அனுப்புவான்."

அக்கா கைப்பையிலிருந்து பழைய அட்டையை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள். "இது உங்க கடையில வாங்கினதா?"

"எங்களோடதுதாம்மா. இந்த மஞ்சள் மாத்திரை எங்ககிட்டதான் வந்துச்சு."

"என்ன வெலைக்குக் குடுத்தே?"

பையன் சொன்னான். அக்கா இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் விலகி வந்து, ஆஸ்பத்திரிச் சுவரோரம் இருந்த கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்க்கிறாள் என்று தையல்காரிக்குத் தெரிந்தது.

"எழுந்திரு" என்றாள் அக்கா, தான் உட்கார்ந்திருப்பதை மறந்து.

மார்க்கெட்டில் இறங்கினதும் நேராக மெடிக்கல் கடைக்குள் போனாள். மெடிக்கல்காரர் அவர்களைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். "வாங்கம்மா. நான்தான் அப்பவே சொன்னேனே."

"இந்த மாத்திரை உனக்கு என்ன வெலைக்கு வருது?"

"அதெல்லாம் வெளியில சொல்ற விஷயமில்லம்மா."

"சங்கக் கடையில கால் வெலைக்குக் குடுக்கிறான். அதுலயும் அவனுக்கு நஷ்டம் இல்ல. அப்ப உனக்கு என்ன வெலைக்கு வருது?"

"அவனுக்கு வாடகை இல்ல, ஆள் கூலி இல்ல. நான் அச்சடிச்ச வெலைக்கு மேல ஒரு காசு வாங்கினேனா? நீங்க வேற எங்கயும் கேட்டுப் பாத்தீங்களா? கெடைக்கலைல்ல?" மெடிக்கல்காரர் குரலை உயர்த்தினார். கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவர் தையல்காரிப் பக்கம் கையை நீட்டினார். "உங்க தம்பி பொண்டாட்டிதான் என் கடைப் பேரைச் சொல்லி எதையோ குடுத்து இத்தனை மாசமா உங்களை ஏமாத்தியிருக்கா. அவளை விட்டுட்டு என்கிட்ட சண்டைக்கு வர்றீங்களே, இது நியாயமா?"

தையல்காரி தலை குனிந்தாள். வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஏமாத்தினாதான்" என்றாள் அக்கா. "அவ ஏமாத்தினதுல நான் தூங்கினேன், எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. நீ மூணு வருஷம் அநியாய வெலை வாங்கினியே, உனக்கு நான் ஊரெல்லாம் நல்ல பேர் வாங்கிக் குடுத்தேன். எடு மாத்திரையை."

கடையில் யாரோ சிரித்தார்கள். மெடிக்கல்காரர் பூட்டைத் திறந்தார். அச்சடித்த விலையைத்தான் வாங்கினார். வேறு வழி இல்லாததால் அக்காவும் அதைத்தான் கொடுத்தாள்.

தெருமுனை வந்ததும் அக்கா நின்றாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதே."

"நெனைக்கல அண்ணி."

"சங்கக் கடையில சரக்கு வந்தா அங்கதான் வாங்கணும். வாரம் ஒரு தடவை போய்க் கேளு. கவர் கிவர்னு எதையும் மாத்தாதே. வெலை என்னவோ அதைச் சொல்லு. மாவுன்னு நான் சொன்னா, சொல்லிட்டுப் போறேன், கேட்டுக்கோ."

"சரி அண்ணி."

"அந்தப் பணத்தை நீ திருப்பித் தரணும்."

"தர்றேன். மாசாமாசம் கொஞ்சமா."

"பணமா வேண்டாம். பணமாக் குடுத்தா எந்தத் துணிக்காரிக்கிட்ட அடிச்சியோன்னு நான் வேற யோசிச்சுக்கிட்டு இருக்கணும்." அக்கா யோசித்தாள். "ஹேச்சரிக்குப் போட்டுக்கிற கோட்டு ரெண்டு தச்சுக் குடு. துணி உன்னோடது, நூலு உன்னோடது. கூலி கேக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் தையல்காரி அலமாரியில் கையை விட்டு, அக்காவின் பழைய அளவு எழுதியிருந்த காகிதத்தை எடுத்தாள்.

"அதுல தைக்காதே" என்றாள் அக்கா.

"ஏன் அண்ணி?"

"இத்தனை மாசமாத் தூங்கித் தூங்கிச் சதை போட்டிருக்கேன். புதுசா எடு."

பின்கட்டிலிருந்து பெயிண்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா கையை விரித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து நின்றாள். தையல்காரி குனிந்து அவள் இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து சேர்த்து, அளவைச் சொன்னாள்.

"நகரு, நான் பாக்கிறேன்" என்று அக்கா தன் வயிற்றின்மேல் குனிந்து, டேப்பில் இருந்த எண்ணைத் தானே படித்தாள்.